கடவுச்சொல்லை மறந்தது யார்? ஒரு ஸ்பானிய வாக்கியத்தில் நேரும் தவறுகள்

"ஸே மே ஒல்விதோ லா கொன்த்ரஸேஞா." கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் ஸ்பானியர் ஒருவர் அலுத்துக்கொண்டு சொல்லும் இந்த வாக்கியத்துக்கு, "எனக்குக் கடவுச்சொல் மறந்துவிட்டது" என்று பொருள். ஆங்கிலம் வழியாக ஸ்பானியம் படிக்கும் தமிழர்கள், 'நான் மறந்தேன்' என்ற அமைப்பை மனத்தில் வைத்துக்கொண்டு, 'நான்' என்னும் பொருளுடைய 'யோ'வை முன்னால் சேர்த்து "யோ ஸே மே ஒல்விதோ" என்று தொடங்கிவிடுகிறார்கள். இது பிழை. இங்கே எழுவாய் கடவுச்சொல். மறந்தவர், தமிழில் 'எனக்கு' என்று வருவதைப் போலவே, 'மே' என்று வருகிறார். 'எனக்கு' என்பதை அழுத்திச் சொல்ல வேண்டுமானால் முன்னால் 'ஆ மீ' சேர்க்கலாம். அப்போதும் 'மே' போகாது.

எழுவாய் எது என்று தெரிந்தால் அடுத்த தவறும் நேராது. மறந்தவை பல கடவுச்சொற்கள் என்றால், மறந்தவர் ஒருவரே ஆனாலும், வினை பன்மையாகி "ஸே மே ஒல்விதாரோன் லாஸ் கொன்த்ரஸேஞாஸ்" என்று வர வேண்டும். 'கடவுச்சொற்கள் மறந்துவிட்டன' என்று எழுதுகிற நமக்கு இதை விளக்கப் பாடநூல் ஒரு பக்கம் செலவிடத் தேவையே இல்லை.

இதே கருத்தை "ஒல்விதே லா கொன்த்ரஸேஞா" என்றும், "மே ஒல்விதே தே லா கொன்த்ரஸேஞா" என்றும் சொல்லலாம். இவ்விரண்டிலும் மறந்தவரே எழுவாய். இரண்டாவதில் வரும் 'தே' என்ற முன்னிடைச்சொல்லைக் கொண்டுபோய் முதல் வாக்கியத்தில் ஒட்டி "ஸே மே ஒல்விதோ தே லா..." என்று கலப்பதுதான் வழக்கமாக நேரும் பிழை. 'ஸே மே' என்பதை 'மே ஸே' என்று புரட்டுவதும் கூடாது. ஸ்பெயினில் அது படிக்காதவர் பேச்சு என்று கருதப்படும். கடவுச்சொல் யாருடையது என்பதை 'மே' காட்டிவிடுவதால், 'என்' என்னும் 'மி' இல்லாமல், பெண்பால் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும், ஆங்கில 'the' போன்ற 'லா' மட்டும் இருந்தாலே போதும்.

எழுத்தில் கவனிக்க வேண்டியது, 'ஒல்விதோ'வின் கடைசி 'ஓ' மேல் இடும் அழுத்தக்குறி. கைபேசியில் தட்டும் அவசரத்தில் அது விடுபட்டால், சொல் 'ஒல்வீதோ' ஆகி, 'நான் மறக்கிறேன்' என்றோ 'மறதி' என்றோ பொருள்படும். ஸ்பானியர்களே அடிக்கடி விடும் குறிதான் இது. ஆனாலும் கற்பவர் அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. ஸ்பெயினில், சற்று முன்புதான் மறந்தது என்றால், "ஸே மே ஆ ஒல்விதாதோ" என்பதே இயல்பு. லத்தீன் அமெரிக்காவின் பெரும்பகுதியில் 'ஒல்விதோ' போதும்.

உச்சரிப்பில் ஆங்கிலப் பழக்கத்தால் 'த'வை 'ட' ஆக்கி 'கொன்ட்ரஸேன்யா' என்பார்கள். ஸ்பானிய 'த' பல்லில் நாக்குப் படும் நம் 'த'வேதான்; மேலே அலைக்கோடு போட்ட 'ñ' என்ற எழுத்தின் ஒலி, 'ஞாயிறு' என்பதில் உள்ள 'ஞ'. தமிழிலேயே இருக்கும் இரண்டு ஒலிகளை ஆங்கிலத்திடம் கடன் வாங்கிக் கெடுத்துக்கொள்வானேன்?

'ஸேஞா' என்றால் அடையாளம், சைகை. அதற்கு எதிராகத் தரும் மறுமொழி அடையாளமே 'கொன்த்ரஸேஞா'. லத்தீன் அமெரிக்காவில் பலர், சாவியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த 'கிளாவே'யையும் சொல்வார்கள். அதுவும் பெண்பாலே என்பதால், "ஸே மே ஒல்விதோ லா கிளாவே" என்று சொன்னால் வேறெதையும் மாற்ற வேண்டியதில்லை.