பந்துக்குப் பின்னால் 40 விநாடி: புதிதாக கோல்ஃப் ஆடுவோருக்கு மனப் பயிற்சி

18 குழிகளையும் ஆடி முடிக்க ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும். புதிதாக ஆடுகிறவர் அதற்குள் நூறு ஷாட்டாவது அடித்துவிடுவார். பந்தை அடிக்கும் கோலான கிளப்பைப் பின்னால் எடுத்துச் சுழற்றிப் பந்தை அடிக்க, ஒரு ஷாட்டுக்கு ஒன்றரை விநாடி போதும். நூறு ஷாட்டையும் கூட்டிப் பார்த்தால் மூன்று நிமிடம்கூடத் தேறாது. மீதி நேரமெல்லாம் நடக்கிறோம், நம் முறைக்காக நிற்கிறோம், எதையாவது நினைத்துக்கொண்டே இருக்கிறோம்.

கிரிக்கெட்டில் பந்து நம்மை நோக்கி வருகிறது. பயப்படக்கூட நேரம் கிடைக்காது. கோல்ஃபிலோ பந்து அசையாமல் கிடந்து நமக்காகக் காத்திருக்கிறது. அந்த அமைதிதான் புதியவர்களைப் படுத்துகிறது. கிளப்பைச் சுழற்றும் ஸ்விங்கை முதல் நாளே கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள். ஸ்விங்குக்கு முந்தைய நேரத்தில் மனதை எங்கே வைப்பது என்று சொல்லித் தருகிறவர்கள் குறைவு. என்னிடம் பழக வருகிறவர்களுக்கு நான் இதையும் முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுவேன். இது குணமல்ல, பழக்கம். கிளப்பைப் பிடிப்பதைப் போலவே கற்றுக்கொள்ளக் கூடியது.

கோல்ஃப் விதிகள் ஒரு ஷாட்டை 40 விநாடிக்குள் அடிக்கச் சொல்லிப் பரிந்துரைக்கின்றன. அந்த 40 விநாடிக்குள் அடங்கும் ஒரு ஒழுங்கைத்தான் இங்கே படிப்படியாக அமைக்கப் போகிறோம்.

படி 1: பந்துக்குப் பின்னால் நின்று முடிவெடுங்கள்

பந்துக்கு இரண்டு மூன்று காலடி பின்னால், இலக்கைப் பார்த்தபடி நில்லுங்கள். மூன்று கேள்விகள்: பந்து எங்கே விழ வேண்டும்? எந்த கிளப்? பந்து எப்படிப் பறந்து போகும்?

முதல் கேள்விக்கு "ஃபேர்வேயில்" (குழியை நோக்கிப் போகும், புல் வெட்டிய அகலமான பாதையில்) என்று பதில் சொல்லாதீர்கள். அது இலக்கு அல்ல, ஒரு வயல். தூரத்து மரத்தின் இடது கிளை, பங்கர் என்ற மணல் பள்ளத்தின் வலது ஓரம் என்று விரல் நீட்டிக் காட்டக்கூடிய ஒன்றாக இருக்கட்டும். ஜாக் நிக்லாஸ், மேஜர் எனப்படும் மிகப் பெரிய போட்டிகளில் 18 பட்டங்களை வென்றவர். பந்து போய் விழும் இடம், அதற்கு முன் அது பறக்கும் வழி இரண்டையும் மனதில் தெளிவாகப் பார்க்காமல், பயிற்சியில்கூட ஒரு ஷாட்டும் அடித்ததில்லை என்று அவர் சொல்லியிருக்கிறார்.

"தண்ணீரில் மட்டும் விழுந்துவிடக் கூடாது" என்று நினைத்தால் மனதில் நிற்கும் படம் என்ன? தண்ணீர்தான். அதனால் வேண்டாததை விட்டுவிட்டு வேண்டியதைச் சொல்லுங்கள். தனியாக ஆடும்போது வாய்விட்டே சொல்லலாம்: "செவன் அயன் கிளப், அந்த இடது கிளையைப் பார்த்து." கூச்சமாக இருக்கும். இரண்டு வாரத்தில் போய்விடும்.

படி 2: ஒரு கோட்டைத் தாண்டுங்கள்

ஸ்வீடன் தேசிய அணிக்குப் பயிற்சி தந்த பியா நில்சன், முடிவெடுக்கும் இடத்தையும் ஆடும் இடத்தையும் தனித்தனியே பிரிக்கச் சொல்லித் தருகிறார். பந்துக்குப் பின்னால் நிற்கும் இடம் யோசிக்க. பந்துக்குப் பக்கத்தில் நிற்கும் இடம் அடிக்க. நடுவே ஒரு கோடு கிடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் பயின்ற அன்னிகா சோரன்ஸ்டாம் 2001-இல் ஒரே சுற்றை 59 ஷாட்டில் முடித்தார். கோல்ஃபில் ஷாட் குறையக் குறைய நல்லது; மகளிர் தொழில்முறை ஆட்டத்தில் அதுவே முதல் 59.

கோட்டைத் தாண்டுமுன் ஒரு நீண்ட மூச்சு. இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும். தோள் தானாக இறங்கும், பிடி தளரும்.

கோட்டைத் தாண்டிய பிறகு சந்தேகம் வந்தால்? காற்று திடீரென்று வீசினாலும், கிளப் தப்போ என்று தோன்றினாலும், திரும்பிப் பின்னால் வந்துவிடுங்கள். புதியவர்களுக்கு மிகக் கடினமான வேலை இதுதான். கூட ஆடுகிறவர்கள் பார்க்கிறார்களே என்று அரைமனதோடு அடித்துவிடுகிறார்கள். அரைமனதோடு அடித்த சரியான கிளப்பைவிட முழுமனதோடு அடித்த சுமாரான கிளப் மேல் என்பது என் அனுபவம்.

படி 3: ஒரே ஒரு நினைப்பு, அதுவும் உடம்புக்கு வெளியே

தலையை அசைக்காதே, இடது கையை மடக்காதே, இடுப்பைத் திருப்பு, மெதுவாக எடு. இத்தனையும் மனதில் வைத்துக்கொண்டு ஒன்றரை விநாடிக்குள் யாரால் அடிக்க முடியும்?

காப்ரியேல் வுல்ஃப் என்ற ஆய்வாளர் தன் குழுவோடு 1999-இல் வெளியிட்ட சோதனை ஒன்று இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. கோல்ஃப் பழக்கமே இல்லாதவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் தங்கள் கைகள் அசைவதைக் கவனிக்க வேண்டும், இன்னொரு பிரிவினர் கிளப் ஊசலாடுவதைக் கவனிக்க வேண்டும். கிளப்பைக் கவனித்தவர்களே இலக்குக்கு நெருக்கமாக அடித்தார்கள். மறுநாள் எந்தக் குறிப்பும் தராமல் அடிக்கச் சொன்னபோதும் அவர்களே முந்தினார்கள்.

எனவே "மணிக்கட்டைப் பூட்டு" என்பதற்குப் பதிலாக "கிளப் முனை இலக்கைப் பார்க்கட்டும்." "எடையை இடது காலுக்கு மாற்று" என்பதற்குப் பதிலாக "பந்துக்கு முன்னால் இருக்கும் புல்லைத் தொடு." ஒரு நாளைக்கு ஒன்று போதும். அன்று முழுவதும் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: பட்டிங்கில் கண்ணை நிறுத்துங்கள்

கிரீனில், அதாவது குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல்தரையில், பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டிங்குக்குப் பலம் தேவையில்லை, ஆனால் மனம் அதிகமாக ஆடுவது அங்கேதான். கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் விக்கர்ஸ், ஆட்டக்காரர்களின் பார்வை எங்கே போகிறது என்று கருவிகளைக் கொண்டு அளந்தவர். தேர்ந்தவர்களின் கண், பட்டரை (பட்டிங்குக்கான கிளப்பை) அசைக்குமுன் பந்தின் ஒரு புள்ளியில் அசையாமல் தங்குகிறது. மொத்தம் 2, 3 விநாடி. பந்து போன பிறகும் சற்று நேரம் அதே இடத்தைவிட்டு நகர்வதில்லை. புதியவர்களின் கண்ணோ குழிக்கும் பந்துக்கும் பட்டருக்கும் நடுவே அலைந்துகொண்டே இருக்கும்.

செய்து பார்க்க எளிது. பந்தின் பின்பக்கம் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். அதைப் பார்த்தபடி மனதுக்குள் "ஒன்று, இரண்டு" எண்ணிவிட்டு உருட்டுங்கள். பந்து விழும் சத்தத்தைக் காதால் கேளுங்கள், தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டாம்.

படி 5: ஷாட் முடிந்த பிறகு

அமெரிக்காவின் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூரில் ஆடுகிறவர்கள் உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள். 8 அடி தூரத்திலிருந்து அவர்கள் போடுவதில் ஏறக்குறைய பாதிதான் உள்ளே போகிறது. நாம் 8 அடியைத் தவறவிட்டுவிட்டு அடுத்த இரண்டு குழிக்கும் நம்மைத் திட்டிக்கொண்டே நடக்கிறோம். எதை எதிர்பார்க்கலாம் என்பது தெரியாததால் வரும் கோபம் இது.

தவறிய ஷாட்டுக்கு ஒரு எல்லை வைத்துக்கொள்ளுங்கள். கிளப்பைப் பைக்குள் வைக்கும்வரை கோபப்படலாம், வருத்தப்படலாம். உள்ளே வைத்த பிறகு அந்த ஷாட்டைப் பற்றிப் பேச்சில்லை. நடக்கும்போது மரத்தைப் பாருங்கள், கூட வருகிறவரிடம் வேறு ஏதாவது பேசுங்கள். நான்கு மணி நேரமும் மனதை இறுக்கிப் பிடிக்க எவராலும் ஆகாது. தளர்த்தவும் தெரிய வேண்டும்.

நன்றாக அடித்த ஷாட்டை மட்டும் அவசரமாக விட்டுவிடாதீர்கள். இரண்டு விநாடி நின்று, பந்து இறங்கும்வரை பாருங்கள். படி 1-இல் மனதில் பார்க்கும் படத்துக்கு இதுதான் கையிருப்பு.

ஒரு மோசமான நாளை வைத்துத் தன்னை எடைபோடுகிறவர்களுக்கு ரோரி மெக்கில்ராயைச் சொல்வேன். மேஜர் போட்டிகளில் ஒன்றான மாஸ்டர்ஸில், 2011-இல், கடைசி நாளைத் தொடங்கும்போது அவர் நான்கு ஷாட் முன்னிலையில் இருந்தார். 10-ஆவது குழியில் எல்லாம் சரிந்தது. அன்றைய ஸ்கோர் 80. இரண்டே மாதத்தில் இன்னொரு மேஜரான யுஎஸ் ஓப்பனை எட்டு ஷாட் வித்தியாசத்தில் வென்றார்.

படி 6: பயிற்சியில் சிரமத்தைச் சேருங்கள்

ரேஞ்ச் என்ற பயிற்சித் திடலில் ஒரே கிளப்பால் ஐம்பது பந்துகளை ஒரே திசையில் அடித்துவிட்டு, "அங்கே நன்றாக வருகிறது, மைதானத்துக்குப் போனால் வரவில்லை" என்பார்கள். மைதானத்தில் ஒரே ஷாட்டை இரண்டு முறை அடிக்கும் வாய்ப்பே கிடையாதே! 1979-இல் ஷீ, மார்கன் என்ற இருவர், கையால் செய்யும் சில எளிய அசைவுகளை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒன்றை முடித்துவிட்டு அடுத்தது என்று பழகியவர்கள் பயிற்சியின்போது வேகமாகத் தேறினார்கள். பிற்பாடு சோதித்தபோது, மாற்றி மாற்றிப் பழகியவர்களிடமே அது தங்கியிருந்தது.

ஆகவே முதல் இருபது பந்து எப்படி வேண்டுமானாலும் போகட்டும். அப்புறம் ஒவ்வொரு பந்துக்கும் கிளப்பையும் இலக்கையும் மாற்றுங்கள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் போய் நின்று படி 1-இலிருந்து தொடங்குங்கள். பந்துகள் குறைவாகத்தான் தீரும். நல்லதுதான்.

அழுத்தத்தையும் பழகிக்கொள்ள வேண்டும். சியன் பைலாக், தாமஸ் கார் இருவரும் 2001-இல் வெளியிட்ட பட்டிங் ஆய்வில், கேமரா பதிவு செய்யும்போது பழகிய புதியவர்கள் பின்னால் அழுத்தம் வந்தபோது தடுமாறவில்லை. உங்கள் கைபேசியைப் பதிவில் போட்டு எதிரே வையுங்கள். மூன்று அடியிலிருந்து தொடர்ந்து பத்து பட் விழும்வரை கிளம்பக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாவது பந்தில் நெஞ்சு படபடக்கும். அந்தப் படபடப்போடு மூச்சுவிட்டு, புள்ளியைப் பார்த்து உருட்டுவதுதான் பயிற்சி.

பிறருக்குச் சொல்லித் தருகிறீர்களா?

ஷாட் முடிந்த உடனே வாய் திறக்காதீர்கள். "எங்கே அடிக்க நினைத்தாய்?" என்று முதலில் கேளுங்கள். பாதிப் பேரிடம் பதில் இருக்காது. குறை ஸ்விங்கில் இல்லை, முடிவே எடுக்கவில்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும். நாலைந்து ஷாட்டுக்கு ஒருமுறை, ஒரே ஒரு குறிப்பு. ஒவ்வொன்றுக்கும் திருத்தம் சொன்னால், நீங்கள் பக்கத்தில் இல்லாத நாளில் அவரால் தன்னைத் தானே திருத்திக்கொள்ள முடியாது.

அடுத்த ஆட்டத்துக்கு

ஸ்கோர் அட்டையில் எண்ணிக்கைக்குக் கீழே இன்னொரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். இலக்கு, மூச்சு, ஒரே நினைப்பு மூன்றும் நடந்த ஷாட்டுக்கு ஒரு கோடு. பந்து எங்கே போனது என்பது இந்த வரிசைக்குக் கணக்கில்லை. முதல் ஆட்டத்தில் நூறில் முப்பது கோடு வந்தால் நல்ல தொடக்கம். 14, 15-ஆவது குழிகளில் கோடுகள் குறைந்திருக்கும், களைப்புதான் காரணம். அடுத்த முறை அந்தக் குழிகளுக்கு முன்பே கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு, ஒவ்வொரு பந்துக்குப் பின்னாலும் ஒரு விநாடி கூடுதலாக நில்லுங்கள்.