புத்தகத்தை மூடிவிட்டுப் படியுங்கள்: குரூப் 4 பாடங்கள் மறக்காமல் இருக்க

டி.என்.பி.எஸ்.சி. (தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் குரூப் 4 தேர்வில் 3 மணி நேரம், 200 கேள்வி: தமிழ் 100, பொது அறிவு 75, கணக்கும் திறனறிவும் 25. ஆறாம் வகுப்பில் தொடங்கி சமச்சீர் புத்தகங்களை மூட்டையாகக் கட்டிப் படிக்க வேண்டியிருப்பதால், பெரும்பாலோர் ஹைலைட்டர் அடிப்பார்கள், நோட்ஸ் எடுப்பார்கள், அந்த நோட்ஸையே மூன்று தடவை வாசிப்பார்கள். மூன்றாம் தடவை எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். ஏமாறுவது அங்கேதான். கண்ணில் பட்டதும் ‘இது படிச்சதுதானே’ என்று தோன்றுவது வேறு, எதையும் பார்க்காமல் மனத்திலிருந்து எடுப்பது வேறு. நான்கு விடையும் பழகிய பெயராக இருக்கும் கேள்வியில் முதலாவது கைகொடுக்காது.

அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-ல் இதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவினர் பாடத்தைத் திரும்ப வாசித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு தடவை வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்தவர்களே முன்னால்: 81 சதவீதம், மற்றவர்கள் 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தலைகீழ்: வாசித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. படித்த அன்றைக்கு இருக்கும் தெம்பை நம்பக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மூடிய புத்தகம்

நான்கு முதல் ஆறு பக்கம் வாசியுங்கள். மூடுங்கள். ரஃப் நோட்டில் நினைவுக்கு வருவதையெல்லாம் நீலப் பேனாவில் எழுதுங்கள். ஐந்து நிமிடம் போதும். வரிசை, கையெழுத்து எதுவும் பார்க்க வேண்டாம். ஒன்றும் வராத இடத்திலும் அரை நிமிடம் முட்டிப் பாருங்கள், உடனே புத்தகத்தைத் திறக்காதீர்கள். பிறகு திறந்து, விட்டதையும் தப்பாக எழுதியதையும் சிவப்பில் சேருங்கள். அந்தச் சிவப்பு மட்டும்தான் இனி உங்களுடைய நோட்ஸ். நீலத்தில் வந்ததை அழகாகத் திரும்ப எழுதி நேரத்தைக் கொல்ல வேண்டாம்.

எட்டுத்தொகையை எடுத்துக்கொள்வோம். எட்டு நூலையும் சொல்ல வெண்பாவே இருக்கிறது: ‘நற்றிணை நல்ல குறுந்தொகை ஐங்குறுநூறு...’ பாட்டை மனப்பாடம் செய்தவர்களில் பலர் எண்ணிப் பார்க்கும்போது ஏழில் நின்றுவிடுவார்கள். ‘கலியோடு அகம்புறம்’ என்ற இடத்தில் அகநானூறும் புறநானூறும் ஒட்டிக் கிடப்பதால் வரும் கோளாறு அது. பாட்டு பெயரைத் தரும், அதற்கு மேல் எதுவும் தராது. அதனால் பாட்டைச் சொல்லி முடித்ததும் பார்க்காமல் பிரித்து எழுதுங்கள். அகம்: நற்றிணை, குறுந்தொகை, ஐங்குறுநூறு, கலித்தொகை, அகநானூறு. புறம்: பதிற்றுப்பத்து, புறநானூறு. இரண்டும் கலந்தது பரிபாடல்.

அட்டை எழுதுவது

சிவப்பில் விழுந்தவை அட்டைக்குப் போக வேண்டும். ஏ4 தாளை மூன்று தடவை பாதியாக மடித்துக் கிழித்தால் எட்டுத் துண்டு கிடைக்கும். முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை.

முக்கால்வாசிப் பேர் சறுக்குவது இங்கேதான். ‘61வது சட்டத்திருத்தம் பற்றி?’ என்று எழுதி, பின்னால் ஐந்து வரி நிரப்புவார்கள். மூன்று வரி சொன்னால் அது சரியா, தப்பா? தீர்மானிக்க முடியாது, மனசு எப்போதும் ‘சரி’ என்றே தீர்ப்பு சொல்லும். ஒரு அட்டைக்கு ஒரே விடை இருக்கட்டும்:

- வாக்களிக்கும் வயதை 21-லிருந்து 18 ஆகக் குறைத்த திருத்தம்? 61வது.
- 61வது திருத்தம் அரசியலமைப்பின் எந்தப் பிரிவை மாற்றியது? 326.
- 61வது திருத்தச் சட்டம் எந்த ஆண்டுக்கு உரியது? 1988. (நடைமுறைக்கு வந்தது 1989.)

முதல் அட்டையைத் திருப்பி, ‘61வது திருத்தம் எதற்கு?’ என்று இன்னொன்றும் எழுதுங்கள். தேர்வில் எந்தப் பக்கமிருந்து கேட்பார்கள் என்று தெரியாது. புரியாத பாடத்துக்கு மட்டும் அட்டை எழுதாதீர்கள். முதலில் புரிந்துகொள்ளுங்கள், இல்லையென்றால் அந்த அட்டை ஒவ்வொரு வாரமும் தப்பாகித் திரும்பி வந்து கழுத்தறுக்கும்.

ஐந்து தடுப்பு

செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1972-ல் ஜெர்மன் மொழியில் எழுதிய நூலில் விளக்கிய முறை இது. பழைய செருப்பு டப்பாவை ஐந்தாகத் தடுத்தால் போதும். இடைவெளி இப்படி வைக்கலாம்:

1. முதல் தடுப்பு: தினமும்
2. இரண்டாவது: 3 நாளுக்கு ஒருமுறை
3. மூன்றாவது: 7 நாளுக்கு ஒருமுறை
4. நான்காவது: 14 நாளுக்கு ஒருமுறை
5. ஐந்தாவது: 30 நாளுக்கு ஒருமுறை

புது அட்டை முதல் தடுப்பில் தொடங்கும். சரியாகச் சொன்னால் அடுத்ததற்குப் போகும். தப்பினால், நான்காவதில் இருந்தாலும் முதலுக்கே திரும்பும். விடையை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத் திருப்புங்கள். திருப்பிப் பார்த்துவிட்டு ‘இதைத்தான் நினைச்சேன்’ என்பது செல்லாது. மறக்கத் தொடங்கும் நேரத்தில் கொஞ்சம் சிரமப்பட்டு எடுத்தால்தான் பிடிமானம் இறுகும். இடைவெளி வைப்பது அதற்காகவே.

நாளுக்கு 15 புது அட்டை போதும். கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் நான்கு தடுப்பிலிருந்தும் தலா 15 என்றால் நாளுக்கு 60, அதோடு தப்பித் திரும்புபவை. மூன்றாம் மாதத்தில் ஐந்தாவது தடுப்பு நிறைந்ததும் நூறைத் தாண்டும். அட்டைக்கு 15 வினாடி என்றால் அரை மணி நேரத்துக்குள் முடியும். முதல் வார உற்சாகத்தில் 40, 50 என்று சேர்ப்பவர்கள் மூன்றாவது வாரம் டப்பாவைப் பரணில் போடுகிறார்கள்.

கைபேசியில் செய்ய அங்கி (Anki) என்ற அட்டைச் செயலி உண்டு. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். இடைவெளியை அதுவே பார்த்துக்கொள்ளும். அதில் புது அட்டையின் எண்ணிக்கை 20 என்று இருக்கும், 15 ஆக்குங்கள். விடை மறந்திருந்தால் ‘அகெய்ன்’ பொத்தான்தான். வெட்கப்பட்டு ‘ஹார்ட்’ அழுத்தினால் விடை தெரிந்ததாக எடுத்துக்கொண்டு அட்டையைத் தள்ளிப் போட்டுவிடும்.

ஒன்றோடொன்று குழம்புபவை

தனித்தனியே தெரிந்தாலும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் குழம்பும் தகவல்களே கட் ஆஃபைத் தின்பவை. குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர், தொகுப்பித்தவர் உக்கிரப்பெருவழுதி. நற்றிணையைத் தொகுப்பித்தவர் பன்னாடு தந்த மாறன் வழுதி. தொகுத்தவர் பெயர் தெரியாது. இவற்றுக்கு வெற்றுக் கட்டம் போட்ட அட்டவணை ஒன்று வைத்து, வாரம் ஒருமுறை பார்க்காமல் நிரப்புங்கள். வழுதி என்று முடியும் இருவரில் யார் எந்த நூல் என்பதற்கு மட்டும் தனி அட்டை எழுதுங்கள். எந்த இரண்டு குழம்புகிறதோ அந்த இரண்டையும் ஒரே கேள்வியில் மோதவிட வேண்டும்.

கணக்கு

தனிவட்டி 30 கணக்கு, அப்புறம் நேரமும் வேலையும் 30 என்று அத்தியாய வாரியாகப் போட்டால் வேகம் வரும். ஆனால் எந்த வழியில் போட வேண்டும் என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது; வினாத்தாளில் தலைப்பு இருக்காது. அடிப்படை பிடிபட்டதும், ஐந்து தலைப்பிலிருந்து இரண்டிரண்டு எடுத்துக் கலந்து பத்தாகப் போடுங்கள். தப்பு கூடும், எரிச்சல் வரும், விட்டுவிடாதீர்கள்.

சூத்திரத்துக்கு ‘ஏன்’ கேட்டு வையுங்கள். 8,000 ரூபாய், 5 சதவீதம், 2 ஆண்டு. கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் வித்தியாசம் என்ன? முதலாண்டு வட்டி 400. அந்த 400-க்கு இரண்டாம் ஆண்டில் 5 சதவீத வட்டி 20. அதுதான் விடை. இது புரிந்தவருக்குச் சூத்திரம் மறந்தாலும் கணக்கு வரும்.

பழைய வினாத்தாள், விட்டுப்போன நாட்கள்

பழைய கேள்விகளைப் போடும்போது விடைகளைக் கையால் மறைத்து, முதலில் நீங்களே சொல்லுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் மூன்றாம் தடவை ‘இதுக்கு சி’ என்று எழுத்துதான் மனப்பாடமாகும். டெஸ்ட் பேட்ச் மதிப்பெண்ணை விட, எந்தக் கேள்வியில் குருட்டாம்போக்கில் சரியாக அடித்தீர்கள் என்பது முக்கியம். சந்தேகமான கேள்விக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். சரியாக வந்திருந்தாலும் அது அட்டைக்குப் போகும்.

கல்யாணம், காய்ச்சல் என்று ஒரு வாரம் போய்விட்டால் சேர்ந்த அட்டைகளை ஒரே நாளில் தீர்க்க முயல வேண்டாம். புது அட்டையை நிறுத்துங்கள், நாளுக்கு 80 என்று வரம்பு வைத்து முதல் தடுப்பிலிருந்து மேலே போங்கள். தேர்வுக்கு மூன்று வாரம் முன்பே புது அட்டையை அடியோடு நிறுத்திவிடுவது நல்லது. அப்போது ஐந்தாவது தடுப்பில் இருப்பவற்றையும் ஒருமுறை புரட்டிவிடலாம். கடைசி மூன்று நாள் முதல் தடுப்பும், அந்த வெற்று அட்டவணைகளும் மட்டும். படுக்கப் போகும் முன் அரை மணி அட்டை பார்த்துவிட்டு, ஏழு மணி நேரம் தூங்குங்கள். இரவு முழுக்க விழித்துப் படித்தால் படித்ததும் தங்காது, காலையில் கணக்கும் ஓடாது.