வீட்டில் இரத்த அழுத்தம் பார்ப்பது எப்படி: முதலில் விரல், பிறகு ஸ்டெதஸ்கோப்

குடியாத்தத்திலிருந்து பஸ் ஏறி, வேலூர் வெயிலில் நடந்து, மருத்துவமனை வரிசையில் காத்திருந்து, உட்கார்ந்ததும் பார்க்கும் பி.பி. பெரும்பாலும் ஒருவருடைய அன்றாட அழுத்தமாக இருப்பதில்லை. அதனால்தான் அம்மாவுக்கு வீட்டிலேயே பார்க்கக் கற்றுக்கொண்டேன். அந்த முறையை இங்கே எழுதுகிறேன்.

இதயத்தின் இடது கீழறை சுருங்கி இரத்தத்தைப் பெருந்தமனிக்குள் தள்ளும்போது எழும் உச்ச அழுத்தம் சிஸ்டாலிக். இதயம் தளர்ந்திருக்கும் வேளையிலும் விரிந்த தமனிச் சுவர் மீண்டு அழுத்துவதாலும், நுண்தமனிகள் இரத்தத்தை மெல்லவே கடத்துவதாலும் எஞ்சி நிற்கும் தாழ்ந்த அளவு டயஸ்டாலிக். கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள உணரிகள் மூளைத்தண்டுக்குச் செய்தி அனுப்பி, இதயத் துடிப்பையும் குழாய்களின் இறுக்கத்தையும் நொடிக்கு நொடி திருத்துகின்றன. உப்பையும் நீரையும் கொண்டு நீண்ட கால அளவை நிர்ணயிப்பது சிறுநீரகம். நடந்து வந்தவரை ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வைப்பது அந்த வேகமான திருத்தம் அடங்குவதற்காகத்தான். காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், சிறுநீரை அடக்கிக்கொண்டும் உட்காரக் கூடாது.

முதுகு சாய்ந்து, பாதங்கள் தரையில் பதிந்து, கை மேசைமேல் இதய மட்டத்தில் இருக்கட்டும். கை 10 செ.மீ. தாழ்ந்தால் அளவு ஏறத்தாழ 8 மி.மீ. பாதரசம் கூடிவிடும் (இங்கே வரும் பி.பி. எண்கள் எல்லாம் இந்த அலகில்தான்). இறுக்கமான ரவிக்கைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றாமல், கையை வெளியே எடுத்துவிடுவதே நல்லது. கைப்பட்டையின் உள்ளே இருக்கும் ரப்பர்ப் பை மேற்கைச் சுற்றளவில் 80 சதவீதத்தையாவது மூட வேண்டும்; பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் இல்லாத உயர் பி.பி. தெரியும். மணிக்கட்டுக் கருவியை நான் பரிந்துரைக்க மாட்டேன். முள் காட்டும் கருவியும் ஸ்டெதஸ்கோப்பும் கற்பவருக்கு ஏற்றவை. முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

இனி வருவது பலரும் தாண்டிச் செல்லும் படி. ஸ்டெதஸ்கோப்பைக் காதில் வைக்குமுன், மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக இரு விரல்களை வைத்து நாடியைப் பிடியுங்கள். பட்டைக்குள் காற்றேற்றும் ரப்பர்க் குமிழை அழுத்தி அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால், ஓரிடத்தில் நாடி விரலுக்கு எட்டாமல் மறையும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு காற்றை முழுவதும் விட்டுவிட்டு, சற்றுப் பொறுத்து, அதைவிட 30 கூடுதலாக ஏற்றிய பிறகே கேட்கத் தொடங்குங்கள். காரணம் இதுதான்: இரத்தக் கொதிப்புள்ள சிலருக்கு, குறிப்பாக முதியவர்களுக்கு, தொடக்கத்தில் கேட்கும் ஒலி நடுவில் மறைந்து, கீழே இறங்கியதும் மீண்டும் எழும். உண்மையான சிஸ்டாலிக் 180 ஆக இருப்பவருக்கு 160 வரை மட்டும் ஏற்றினால், அந்த மௌன இடைவெளிக்குள் சிக்கி, 145-இல் மீண்டும் எழும் ஒலியையே முதல் ஒலி என்று எழுதிவிடுவோம். விரலுக்கு எட்டும் நாடி அந்த இடைவெளியில் மறைவதில்லை.

முழங்கை மடிப்பின் உட்புறத்தில், நாடி தட்டும் இடத்தில் ஸ்டெதஸ்கோப்பை மென்மையாக வையுங்கள். குமிழில் உள்ள, காற்றை வெளியேற்றும் திருகைத் தளர்த்தி, முள் நொடிக்கு 2 அளவில் இறங்கும்படி விடுங்கள். முதன்முதலாக அடுத்தடுத்துத் தெளிவாகக் கேட்கும் 'டக் டக்' சிஸ்டாலிக். ஒலி அறவே நிற்கும் இடம் டயஸ்டாலிக். ரஷ்ய மருத்துவர் கொரோட்கோஃப் 1905-இல் விவரித்த ஒலிகள் இவை. முதல் ஒலி கேட்பதற்கு முன்பே முள் மெல்லத் துள்ளத் தொடங்கும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஒரு நிமிடம் விட்டு மறுமுறை பார்த்து, இரண்டையும் எழுதி வையுங்கள். முதல் நாள் இரு கைகளிலும் பார்த்து, பிறகு அளவு அதிகமாகக் காட்டிய கையிலேயே தொடருங்கள். வீட்டில் எடுத்த அளவுகளின் சராசரி 135/85-ஐத் தொட்டால் மருத்துவரிடம் குறிப்பேட்டைக் காட்டுங்கள்.

பிற்சேர்க்கை: டிஜிட்டல் கருவி ஒவ்வொரு முறையும் வேறு எண் காட்டுவதாகக் காட்பாடி வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அக்கருவி ஒலியைக் கேட்பதில்லை. பட்டையில் ஏற்படும் அதிர்வுகளிலிருந்து இரண்டு எண்களையும் கணக்கிடுகிறது. துடிப்பு ஒழுங்கற்றிருந்தால் அந்தக் கணக்கு தடுமாறும். நாடியை விரலால் ஒரு நிமிடம் முழுவதும் எண்ணிப் பாருங்கள். ஒழுங்கில்லை என்றால் அதையே மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.

கத்திரி வெயிலில் வியர்த்து, பி.பி. மாத்திரையும் சாப்பிடுபவர்களுக்கு எழுந்ததும் தலை சுற்றினால், உட்கார்ந்த அளவோடு, எழுந்து நின்ற 1, 3 நிமிடங்களிலும் பாருங்கள். அப்போது ஒருவர் அருகில் பிடித்துக்கொள்ள வேண்டும். சிஸ்டாலிக் 20 அல்லது டயஸ்டாலிக் 10 குறைந்தால், மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், அன்றே மருத்துவரிடம் தெரிவியுங்கள்.