வக்கீல் ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பிக்கும் முன் கடற்கரைக்கு வாருங்கள்

"அக்கா, விண்ணப்பத்துல என்ன எழுதணும்?" சட்டக் கல்லூரியில் கடைசி ஆண்டு படிக்கும் பிள்ளைகள் போனில் இப்படித்தான் தொடங்குகிறார்கள். நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: "எந்த ஊர்ப் பிரச்சினையை எடுக்கப் போற?" பெரும்பாலும் பேச்சு அங்கே நின்றுவிடும். ஏழைகளுக்காக வாதாட வேண்டும் என்ற ஆசை நிஜமாகவே இருக்கும். எந்த ஏழை, எந்தத் தெரு, எந்தத் தாலுகா அலுவலகத்தின் எந்த மேசையில் அவர் மனு கிடக்கிறது என்பது மட்டும் தெரிந்திருக்காது. ராமநாதபுரம் கடற்கரையில் வேலை செய்ய நினைக்கும் புதிய வக்கீலுக்காக இதை எழுதுகிறேன். தொண்டியானாலும் வாலிநோக்கமானாலும் வழி ஒன்றுதான்.

ஃபெல்லோஷிப் என்பது என்ன?

கட்டணம் கொடுக்க முடியாத மக்களுக்கு வக்கீல் கிடைக்க வேண்டும் என்பதற்காக, ஒரு தொண்டு நிறுவனம் உங்களுக்கு ஒன்றிரண்டு ஆண்டுகள் மாத உதவித்தொகை கொடுத்து, ஒரு ஊரிலோ அமைப்பிலோ வேலைக்கு அமர்த்துவதுதான் ஃபெல்லோஷிப். அமெரிக்காவில் இது நன்றாக வேரூன்றியது. சட்ட மாணவர்கள் 1986-ல் தொடங்கிய அமைப்புதான் இன்றைய ஈக்வல் ஜஸ்டிஸ் வொர்க்ஸ். ஸ்காடன் ஃபெல்லோஷிப் 1988-ல் வந்தது. இரண்டுமே அந்நாட்டுச் சட்டப் பட்டதாரிகளுக்கானவை, நாம் விண்ணப்பிக்க முடியாது. ஆனாலும் அவற்றின் அமைப்பை நாம் எடுத்துக்கொள்ளலாம். விண்ணப்பிப்பவரே ஒரு திட்டத்தையும், அதை நடத்த இடம் கொடுக்கும் அமைப்பையும் கையோடு கொண்டுவர வேண்டும். அதன் பிறகே இரண்டு ஆண்டுக்கான பணம். "எனக்கு வேலை கொடுங்கள்" என்று போய் நிற்பதில்லை. "இந்த வேலை இங்கே கிடக்கிறது, நான் செய்கிறேன்" என்று போகிறார்கள்.

இந்தியாவிலும் இப்படி நடக்கிறது. அகமதாபாத்தின் சென்டர் ஃபார் சோஷியல் ஜஸ்டிஸ் இளம் வக்கீல்களை அவர்கள் ஊர்ப்பக்கத்திலேயே வேலை செய்யப் பழக்குகிறது. மகாராஷ்டிரத்தின் எரவாடா, நாக்பூர் சிறைகளில் விசாரணைக் கைதிகளுக்காக வக்கீல்களையும் சமூகப் பணியாளர்களையும் சேர்த்தே அமர்த்திய திட்டம் ஒன்று உண்டு. எனக்கு அந்தச் சேர்மானம் மிகவும் பிடிக்கும். கைதியின் வீட்டைத் தேடிப்போய் ஜாமீன்தாரரைக் கண்டுபிடிக்க ஆள் இல்லாவிட்டால், ஜாமீன் உத்தரவு வெறும் காகிதமாகத்தான் இருக்கும்.

"அதான் இலவச சட்ட உதவி இருக்கே?" என்பார்கள். இருக்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 12-ஆம் பிரிவுப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இலவசமாக வக்கீல் பெற உரிமை உண்டு. 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம். ஆனால் கேட்கத் தெரிந்தவர்தான் அந்தக் கதவு வரைக்கும் வருகிறார். வராதவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்வது உங்கள் வேலை. ஆணையத்தோடு போட்டி வேண்டாம். நீங்கள் கண்டுபிடித்த ஆளை அங்கே கையைப் பிடித்துக் கூட்டிப்போங்கள்.

படி 1: வக்கீலாகப் பதிவு செய்யுங்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு. பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய், சட்டத்தில் சொன்ன இந்தத் தொகைக்கு மேல் பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்துவிட்டது. பிறகு அகில இந்திய பார் தேர்வு. இன்னும் படிப்பு முடியவில்லை என்றால், சட்டப் பணிகள் ஆணையத்தில் சட்டத் தன்னார்வலராகச் சேருங்கள். முகாம்களுக்குப் போனால் மாவட்டத்தின் அலுவலகங்களும் ஆட்களும் பழகிப்போகும்.

படி 2: ஒரு பிரச்சினை, ஒன்றே ஒன்று

இந்தப் படிக்கு ஒரு மாதமாவது ஒதுக்குங்கள். பை, தண்ணீர் பாட்டில், நோட்டு, இவை போதும். கறுப்புக் கோட்டை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

பாம்பன் பக்கம் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் பெண்களிடம் உட்காருங்கள். விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, பாறைக்குப் பாறை மூழ்கிக் கடல்பாசி பறிப்பவர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986-ல் தேசியப் பூங்கா ஆயின, மொத்தம் 560 சதுர கிலோமீட்டர். தாயும் பாட்டியும் போன தீவுக்கு மகள் போனால் இன்று குற்றம். பவளப்பாறை காக்கப்பட வேண்டும் என்பதில் இவர்களுக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. பாசி அழிந்தால் முதலில் பட்டினி கிடப்பது அவர்கள்தானே.

இங்கே வக்கீலுக்கு என்ன வேலை? பூங்கா அமைக்கும்போது, அந்த எல்லைக்குள் யாருக்கு என்ன உரிமை இருக்கிறது என்று ஆட்சியர் விசாரித்து முடிவு செய்ய வேண்டும் என்கிறது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். அந்த விசாரணைக் கோப்பைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளுக்குள் பதில் வர வேண்டும். அடுத்தது 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். தேசியப் பூங்காவும் அதற்குள் வரும், மீனும் நீர்நிலையின் மற்ற விளைபொருள்களும் சமூக உரிமையாக அதில் எழுதப்பட்டுள்ளன. பழங்குடியினர் அல்லாதவர் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே சார்ந்து வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். பத்திரமோ பட்டாவோ இல்லாத கடலில் எதைக் காட்டுவது என்று மலைக்காதீர்கள். ஊர்ப் பெரியவர்களின் எழுதி வாங்கிய வாக்குமூலத்தையும் சான்றாக ஏற்கிறது அந்தச் சட்டத்தின் விதி 13. எண்பது வயதுப் பாட்டி எந்தத் தீவில் எந்தக் காற்றில் எந்தப் பாசி எடுத்தோம் என்று சொல்வதை அவர் பேச்சிலேயே எழுதி, படித்துக் காட்டி, கைநாட்டு வாங்குங்கள். உரிமைக் கோரிக்கை கிராம சபையில்தான் தொடங்கும் என்பதால், கிராம சபை நாட்களில் நீங்கள் ஊரில் இல்லாமல் இருக்கக் கூடாது.

இன்னொன்று, கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீடு. உடல் கிடைக்கவில்லை, இறப்புச் சான்றிதழ் இல்லை. ஏழு ஆண்டு எந்தச் செய்தியும் இல்லாதவரையே இறந்தவராகக் கருதலாம் என்பது சாட்சியச் சட்டம். அந்த ஏழு ஆண்டும் மனைவிக்கு விதவை உதவித்தொகையும் காப்பீடும் பெரும்பாலும் வராது. படகுக் கடனுக்கு மட்டும் ஆள் வரும். "தாலியக் கழட்டவும் முடியல, போட்டுக்கிட்டு இருக்கவும் முடியல வக்கீலம்மா" என்று ஒருவர் என்னிடம் சொன்ன நாள் இரவு நான் சாப்பிடவில்லை.

இலங்கைக் கடற்படை பிடித்துப்போகும் மீனவர்கள், உப்பளக் கூலி, விறகை எரித்துக் கரியாக்கும் கரிமூட்டத்தில் முன்பணக் கடனுக்குக் கட்டுண்ட குடும்பங்கள் என்று இன்னும் எத்தனையோ. எல்லாமே உங்களை இழுக்கும். ஒன்றைப் பிடியுங்கள். மீனவர் கைதைப் பிடித்தால் ஒன்றை முதலிலேயே புரிந்துகொள்ளுங்கள்: அங்கே நீதிமன்றத்தில் நிற்பவர் இலங்கை வக்கீல். உங்கள் வேலை இந்தக் கரையில். படகுப் பதிவு, கடலுக்குப் போக மீன்வளத் துறை தரும் அனுமதி டோக்கன், அடையாள அட்டை இவற்றைச் சேர்த்து அன்றைக்கே அனுப்புவது, குடும்பத்துக்கு வர வேண்டிய அரசு உதவியை வாங்கித் தருவது.

படி 3: இடம் கொடுக்கும் அமைப்பு

மீனவர் சங்கமாக இருக்கலாம், பெண்கள் கூட்டமைப்பாக இருக்கலாம், ராமநாதபுரத்திலோ ராமேஸ்வரத்திலோ ஒரு மூத்த வக்கீலின் அலுவலகமாகவும் இருக்கலாம். பெயர்ப் பலகையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். ஊரில் நாலு பேரிடம், "கஷ்டம்னா யாருகிட்ட போவீங்க?" என்று கேளுங்கள். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அங்கே போங்கள். சம்மாட்டிகள் எனப்படும் விசைப்படகு உரிமையாளர்களின் சங்கமும் நாட்டுப்படகுக்காரர்களின் சங்கமும் பல விஷயங்களில் எதிரெதிர்ப் பக்கம். ஒன்றில் உட்கார்ந்துவிட்டு மற்றதற்கும் வாதாடுவேன் என்றால் இரண்டு பேரும் நம்ப மாட்டார்கள்.

படி 4: ஒரு பக்கத் திட்டம்

வழக்கமாக எனக்கு வரும் வரைவு இப்படி இருக்கும்: "விளிம்புநிலை மீனவ மக்களிடையே சட்ட விழிப்புணர்வை ஏற்படுத்தி அவர்களை மேம்படுத்த விரும்புகிறேன்." இதில் யாரும் இல்லை, எதுவும் நடக்கவில்லை.

இப்படி எழுதிப் பாருங்கள்: "கடலில் காணாமல் போனவர்களின் மனைவிகள் இறப்புச் சான்றிதழ் இல்லாமல் உதவித்தொகையும் காப்பீடும் பெற முடியாமல் இருக்கிறார்கள். முதல் மூன்று மாதத்தில் ராமேஸ்வரம் தீவின் ஊர்களில் இப்படிப்பட்ட வீடுகளைச் சங்கத்தின் உதவியோடு பட்டியலிடுவேன். ஏழு ஆண்டு முடிந்தவர்களுக்கு உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போடுவேன். ஏழு ஆண்டு இன்னும் முடியாதவர்களுக்குக் காவல் நிலையப் புகார், துறைமுகப் பதிவு, உடன் போனவர்களின் வாக்குமூலம் ஆகியவற்றை இப்போதே சேர்த்துவைப்பேன். இடைக்கால உதவி கேட்டு ஆட்சியருக்கு மனுக் கொடுப்பேன். மறுக்கப்பட்டால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போவேன். இரண்டாம் ஆண்டில் சங்கத்தின் இரண்டு பெண்களுக்கு இந்தக் கோப்பைத் தயாரிக்கக் கற்றுக்கொடுப்பேன்."

யார், எங்கே, எந்த அலுவலகம், எப்போது, நீங்கள் போனபிறகு யார். இந்த ஐந்தும் வந்துவிட்டால் தேர்வுக்குழுவின் பாதிக் கேள்விகளுக்குப் பதில் ஏற்கெனவே இருக்கிறது. நேர்காணலில் இதையே வாயால் சொன்னால் போதும். ஆங்கிலம் தடுமாறினால் தமிழில் பேசலாமா என்று கேளுங்கள். அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

படி 5: கையெழுத்துப் போடும் முன்

இந்தப் படியில்தான் நான் அடிபட்டேன். என் முதல் ஃபெல்லோஷிப்பில் பதினான்காம் மாதம் நிதி நின்றது. ஒரு மின்னஞ்சலில் சொல்லிவிட்டார்கள். என் கையில் முடியாத வழக்குகள், கட்சிக்காரருக்காக வாதாட அதிகாரம் தரும் வக்காலத்து என் பெயரில். வாய்தாவுக்கு மதுரை போகப் பஸ் காசுகூட என் வீட்டிலிருந்துதான். அதனால் இவற்றைக் கூச்சப்படாமல் கேளுங்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது? வெளிநாட்டு நன்கொடையை ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்துக்குக் கைமாற்றக் கூடாது என்று 2020-ல் சட்டம் திருத்தப்பட்டது. டெல்லி அமைப்பு இங்குள்ள சங்கத்துக்கு அனுப்பி, சங்கம் உங்களுக்குக் கொடுக்கும் என்பது அப்படிப்பட்ட பணமானால் நடக்காது. நேரடியாக உங்களுக்கே வருகிறதா என்று பாருங்கள்.

சம்பளமா, உதவித்தொகையா? முழுநேரச் சம்பள ஊழியராக இருப்பவர் வக்கீலாகத் தொழில் செய்யக் கூடாது என்பது இந்திய பார் கவுன்சிலின் விதி 49. ஒப்பந்தத்தில் "ஊழியர்" என்று இருந்தால், நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு அதை எடுத்துக் காட்டலாம். வாசகத்தை மாற்றச் சொல்லுங்கள், மூத்த வக்கீல் ஒருவரிடம் காட்டுங்கள்.

எவ்வளவு? ஜூனியர் வக்கீல்களுக்கு மாதம் சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதற்குக் குறைவாகத் தருவதாகச் சொல்லி ஒருவர் சேவை மனப்பான்மையைப் பற்றிப் பேசினால் எழுந்து வாருங்கள். பயணச் செலவும் நீதிமன்றக் கட்டணமும் தனியாக வர வேண்டும். நிதி நின்றால் எத்தனை மாதம் முன்பே சொல்வார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

படி 6: முதல் மூன்று மாதம்

வழக்குப் போடாதீர்கள். ஊரின் நாட்களைப் படியுங்கள். ராமேஸ்வரத்தில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு மற்ற நாலு நாள் என்று முறை உண்டு. யார் என்றைக்குக் கரையில் இருப்பார்கள் என்பது தெரியாமல் கூட்டம் போட்டால் காலி நாற்காலிதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் 61 நாள். விசைப்படகுத் தொழிலாளர்கள் வலை பின்னிக்கொண்டு உட்கார்ந்து பேச நேரம் இருக்கும் காலம் அது. பெரியபட்டினம், கீழக்கரையில் வெள்ளிக்கிழமை மதியம் கூட்டம் வேண்டாம், தங்கச்சிமடத்தில் ஞாயிறு காலை வேண்டாம். திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு போகிறவர்களுடன் கூடவே போங்கள். வரிசையில் நிற்கும்போது அவர்கள் சொல்வது எந்த நேர்காணலிலும் கிடைக்காது.

படி 7: கோப்பை ஒப்படைப்பது

இதைக் கடைசி மாதத்துக்குத் தள்ளிவைக்காதீர்கள். முதல் கோப்பு திறக்கும் அன்றே தொடங்குங்கள். ஒவ்வொரு கோப்பின் மேலட்டையிலும் வழக்கு எண், நீதிமன்றம், அடுத்த வாய்தா, மூல ஆவணம் யாரிடம் இருக்கிறது என்று தமிழில் எழுதுங்கள். மூலத்தை நீங்கள் வைத்துக்கொள்ளாதீர்கள். நகல் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுங்கள். குடும்பத்துக்கு ஒரு நகல் தொகுப்பைத் தடிமனான பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுங்கள். உப்புக் காற்றிலும் ஐப்பசி மழையிலும் காகிதம் நிற்காது. காலம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே அடுத்து வருகிறவரின் பெயரையும் வக்காலத்தில் சேர்த்துத் தாக்கல் செய்யுங்கள். அதற்கு அடுத்த வாய்தாவில் அவர் பேசட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். வெளியே வந்ததும் அந்த வீட்டுப் பெண்ணிடம் புது வக்கீலின் போன் நம்பரைக் கொடுத்து, அங்கேயே ஒருமுறை அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.