கோப்பென்பெர்க் ஏற்றத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெல்ஜியத்தில் அவுடனார்டே நகருக்கு அருகே, மெல்டன் சிற்றூரை ஒட்டி எழும் கோப்பென்பெர்க் 600 மீட்டர் நீளமே உடையது. ஆனால் அதன் சராசரிச் சரிவு 11.6 விழுக்காடு, மிகச் செங்குத்தான இடத்தில் 22 விழுக்காடு. அவ்வளவும் கல் பாவிய பாதை. டூர் ஆஃப் ஃபிளாண்டர்ஸ் மிதிவண்டிப் பந்தயத்துக்கு முந்தைய நாள் பொதுமக்களுக்கென நடக்கும் சவாரியில், ஒரு காலத்தில் நாங்கள் செய்த பிழைகளையே புதியவர்கள் திரும்பச் செய்வதைப் பார்ப்பதால் இதை எழுதுகிறேன். பயிற்சியில்லாமல் வருவது, வெறும் வயிற்றுடன் வருவது போன்றவை எவருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

சரிவு தொடங்கிய பிறகு கியர் மாற்றுவது

இந்த ஒரு தவறை மட்டும் என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. ஏற்றத்தின் தொடக்கம் அவ்வளவு கடுமையாக இராது என்பதால், பலர் முன்பக்கப் பெரிய பற்சக்கரத்திலேயே வேகமாக வந்து, இருபுறமும் மண்கரை உயரும் இடத்தில் கால் கனத்த பிறகுதான் சிறிய சக்கரத்துக்கு மாற்ற முயல்கிறார்கள். சங்கிலி ஒரு சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்கு இறங்க வேண்டுமானால் அதன் மீதுள்ள இழுவிசை ஒரு கணமாவது தளர வேண்டும். அந்தச் சரிவிலோ, மிதிப்பதைத் தளர்த்தினால் வண்டி நின்றுவிடும், தளர்த்தாவிட்டால் சங்கிலி இறங்க மறுக்கும், அல்லது கல்லின் அதிர்வில் துள்ளி வெளியே விழும்.

மழை பெய்த ஒரு சனிக்கிழமை எனக்கு முன்னே சென்றவருக்கு இதுதான் நேர்ந்தது. கியர் சொடுக்கிய ஓசை கேட்டது. அடுத்த கணம் அவருடைய கால்கள் எதிர்ப்பே இல்லாமல் வெறுமனே சுழன்றன. மிதிகட்டையில் பூட்டிய காலணியை விடுவிக்க நேரமின்றி இடப்பக்கமாகச் சாய்ந்தார். சட்டகத்துக்கும் சிறிய சக்கரத்துக்கும் இடையே சிக்கிய சங்கிலியை அவர் கரிபடிந்த விரல்களால் இழுத்துக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்த நாங்கள் அனைவரும் நடந்துகொண்டிருந்தோம். ஒருவருடைய அலட்சியம் எத்தனையோ பேருடைய ஏற்றத்தைப் பறித்துவிடுகிறது என்பதே என் கோபத்துக்குக் காரணம்.

ஆகவே, சமதளத்திலேயே, கால் இலகுவாக இருக்கும்போதே, சிறிய முன்சக்கரத்துக்கு வந்துவிடுங்கள். முன்னே 34 பற்களும் பின்னே 32 பற்களும் இருந்தால், நிமிடத்துக்கு 50 சுற்று மிதித்தாலும் மணிக்கு 7 கிலோமீட்டரைத் தொடமாட்டீர்கள். அந்த வேகமே அங்கே போதுமானது.

எழுந்து நின்று மிதிப்பது

எழுந்தால் உடலின் எடை முன்னே நகர்ந்து, பின்சக்கரம் ஈரக் கல்லில் பிடிப்பில்லாமல் வழுக்கும். 2010 பந்தயத்தில், கெரார்ட்ஸ்பெர்கன் நகரின் மூர் ஏற்றத்தில் சுவிஸ் வீரர் ஃபேபியன் கான்செல்லாரா, பெல்ஜிய வீரர் டாம் போனனை விட்டு விலகிச் சென்றபோது இருக்கையை விட்டு எழவே இல்லை.

டயரில் காற்றை இறுக நிரப்புவது

குறையுங்கள். 28 மி.மீ. அகலத்துக்குக் குறைந்த டயர் வேண்டாம்.

ஓரத்துச் சேற்றில் ஏறுவது

பாதையின் நடு முதுகே பாதுகாப்பானது.

முன்னவரை ஒட்டிச் செல்வது

இவ்வளவு குறுகிய பாதையில் ஒருவர் விழுந்தால் விலகிச் செல்ல இடம் கிடையாது. 1987இல் தனியாக முன்னிலையில் ஏறிக்கொண்டிருந்த டென்மார்க் வீரர் யெஸ்பர் ஸ்கிபி இங்கே விழுந்தபோது, பின்னே வந்த பந்தய அதிகாரியின் கார் அவருடைய மிதிவண்டியின் மீதே ஏறிச் சென்றது. அதன்பின் 2002 வரை பந்தயம் இவ்வழியே வரவில்லை. 2024இல் மழையில் நனைந்த கற்களில் நெதர்லாந்து வீரர் மாத்தியூ வான் டெர் போல் ஏறிச் சென்றுவிட, அவருக்குப் பின்னே தொழில்முறை வீரர்கள் பலர் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தனர். எனவே முன்னவருக்கும் உங்களுக்கும் இடையே இரண்டு வண்டி நீளமாவது விட்டு ஏறுங்கள். காலை ஊன்ற நேர்ந்தால், செங்குத்தான இடத்தில் மீண்டும் ஏறி அமர முயலாமல் ஓரமாக நடந்து, சரிவு தணியும் மேற்பகுதியில் ஏறிக்கொள்ளுங்கள்.