சைக்கிளிக் வோல்ற்றமெற்றி: சேர்வையைக் குறை சொல்லுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சைக்கிளிக் வோல்ற்றமெற்றி என்பது, கலத்திலுள்ள கரைசலில் அமிழ்த்திய மின்வாயின் மின்னழுத்தத்தை முன்னும் பின்னும் மாற்றி, பாயும் மின்னோட்டத்தை வளையியாக வரையும் அளவீடு. வந்தாறுமூலையிலோ சம்மாந்துறையிலோ பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் புதிய உலோகச் சிக்கற்சேர்வை ஒன்றைத் தயாரித்தவுடன் அதையே கலத்தில் இட்டு அளக்கத் தொடங்குவதுதான் முதல் தவறு. வளையி கோணலாக வந்தால் பிழை சேர்வையிலா கலத்திலா என்று பிரித்தறிய வழியே இருக்காது. முதலில், நடத்தை நன்கு தெரிந்த பொற்றாசியம் பெரிசயனைட்டை அளந்து பாருங்கள். ஓர் இலத்திரன் மட்டும் மாறும் மீள்தாக்கத்தில் வளையியின் இரு உச்சிகளுக்கும் (ஒட்சியேற்றம் ஒன்று, தாழ்த்தல் ஒன்று) இடைவெளி 25 °C இல் 57 மில்லிவோல்ற்று. நடைமுறையில் 60 முதல் 80 வரை வந்தால் கலத்தை நம்பலாம்.

கரைசல் தயாரிப்பில் அடிக்கடி நடப்பது இது: 0.165 கிராம் பெரிசயனைட்டை 1 மோலார் பொற்றாசியம் குளோரைட்டில் கரைத்து 50 மில்லிலீற்றராக்குவார்கள். அதில் 5 மில்லிலீற்றரை எடுத்து, வெறும் காய்ச்சிவடித்த நீரால் 50 ஆக்குவார்கள். பெரிசயனைட்டு சரியாக 1 மில்லிமோலார் ஆகிவிடும், ஆனால் குளோரைட்டும் பத்திலொன்றாகிவிடும். கரைசலின் தடை கூடி உச்சிகள் விலகும். ஐதாக்குவதற்கும் 1 மோலார் குளோரைட்டுக் கரைசலையே பயன்படுத்துங்கள். கரையோரக் கிணற்று நீர் இந்த வேலைக்கு ஆகாது, கழுவுவதற்குக்கூட வேண்டாம்.

பெரும்பாலான கோளாறுகள் மின்வாயின் முகத்தில்தான் இருக்கின்றன. கிளாசி காபன் (கண்ணாடிபோன்ற காபன்) மின்வாயை 0.3, பிறகு 0.05 மைக்ரோமீற்றர் அலுமினாத் தூளில், ஈரமான பட்டையின் மேல், எட்டு வடிவில் நிமிர்த்திப் பிடித்துத் தேய்க்க வேண்டும். சரித்துப் பிடித்தால் விளிம்பு மழுங்கி, பரப்பளவு மாறிவிடும். ஒவ்வொரு தூளுக்கும் தனிப் பட்டை வைத்துக்கொள்ளுங்கள். தேய்த்த முகம் கண்ணாடிபோல் பளபளக்க வேண்டும். வெண்படலம் தெரிந்தால் அலுமினா இன்னும் போகவில்லை. விரலால் துடைத்தால் கையின் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும்.

வளையியைப் பார்த்தே பிழையைப் பிடிக்கலாம். உச்சிகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகினால் மின்வாயின் முகம் அல்லது கரைசலின் தடை. இரண்டும் சேர்ந்து ஒரே பக்கம் நகர்ந்தால் ஒப்பீட்டு மின்வாய் (மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்க உதவும் மாறா மின்வாய்): நுனியில் காற்றுக் குமிழி இருக்கும், அல்லது உலரவிட்டதால் நுண்துளை அடைத்திருக்கும். அதை எப்போதும் 3 மோலார் பொற்றாசியம் குளோரைட்டில் அமிழ்த்தியே வையுங்கள். வளையி நடுங்கினால் மின்வாய்களை இணைக்கும் கவ்விகளைப் பாருங்கள். நம் உப்புக்காற்றில் அவை சீக்கிரம் பச்சை பிடிக்கும். அரத்தாளால் உரசினால் போதும்.

3 மில்லிமீற்றர் விட்டமுள்ள மின்வாயில், 1 மில்லிமோலார் கரைசலை செக்கனுக்கு 100 மில்லிவோல்ற்று வேகத்தில் அளந்தால் உச்சி மின்னோட்டம் ஏறத்தாழ 16 மைக்ரோஅம்பியர். குளிரூட்டி இல்லாத அறையில் வெப்பநிலை 30 °C இருந்தால் இது சற்றுக் கூடும். வெப்பநிலையைக் குறிக்காமல் 25 °C பெறுமானத்தோடு ஒப்பிடாதீர்கள்.

கரைந்த ஒட்சிசனை வெளியேற்றப் பெரிசயனைட்டுக் கரைசலில் நைதரசன் ஊதாவிட்டாலும் சமாளிக்கலாம். மறை மின்னழுத்தத்தில் தாழ்த்தப்படும் சேர்வைகளுக்கு 10 நிமிடமாவது ஊதுங்கள். இல்லாவிட்டால் ஒட்சிசனின் அலையைச் சேர்வையின் உச்சி என்று எழுதிவிடுவீர்கள். அளக்கும்போது வாயுக்குழாயை மட்டத்துக்கு மேலே தூக்கிவிடுங்கள், கரைசல் கலங்கக்கூடாது.

மீந்த பெரிசயனைட்டை அமிலக் கழிவுப் போத்தலில் ஊற்றவே வேண்டாம். வன்னமிலம் பட்டால், அதுவும் சூடேறினால், நச்சான ஐதரசன் சயனைட்டு வாயு வெளிவரலாம். தனிப் போத்தலில் பெயர் ஒட்டி வையுங்கள்.