வயலிலிருந்து ஒரு ஸ்லைடு

பெரிய பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கும் நம்ம டெல்டா பிள்ளைகளுக்கு: ஊரிலிருந்து திரும்பும்போது முறுக்கு டப்பாவோடு, வயலிலோ மாட்டுத் தீவனத் தொட்டியிலோ மிதக்கும் அசோலா என்ற குட்டி நீர்ப்பெரணியையும் கொஞ்சம் பாட்டிலில் எடுத்துப் போங்கள்.

ஒரே ஓர் இலையை ஸ்லைடில், சொட்டுத் தண்ணீரில் வைத்து, கவர்ஸ்லிப் போட்டு, பென்சிலின் பின்பக்கத்தால் மெதுவாகத் தட்டி நசுக்குங்கள். மைக்ரோஸ்கோப்பில் 400 மடங்கில் பச்சை மணிமாலை மாதிரி, அந்த இலைக்குள் வாழும் நீலப்பச்சைப் பாசியான அனபீனா தெரியும். இடையிடையே சற்றுப் பெரிதாக, வெளிறி இருக்கும் மணிகள்தான் ஹெட்டிரோசிஸ்ட். காற்றின் நைட்ரஜனைப் பிடிப்பவை அவைதான். மனப்பாடம் செய்து மறந்துகொண்டே இருந்தேன். கண்ணால் பார்த்த அப்புறம் மறக்கவே இல்லை.

பாட்டிலை பஸ்ஸில் வெயில்படும் ஜன்னலோரம் வைக்காதீர்கள், வெந்துவிடும்.